கிள்ளான் போவதற்குள் ஏறிய விலை

அன்று சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா என்று எனக்கு நிச்சயமாக நினைவில்லை. வனேசாவைக் கேட்டால் சனி என்பாள். அவள் அக்கா எவலின் ஞாயிறு என்பாள். கிழமையை விட்டுவிடுவோம். தலைநகரின் பிரிக்ஃபீல்ட்ஸில் கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில் ஏறியபோது இருவரிடமும் சேர்த்து ஆயிரம் ரிங்கிட்தான் இருந்தது. அது மட்டும் உறுதி.

எவலின் கல்லூரியில் கார்ட்டூன் படம் எடுக்கப் படிக்கிறாள். திங்கட்கிழமை மதியத்துக்குள் தன் படத்தை ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆண்டே வீண். அந்த நேரம் பார்த்து அவள் கணினியிலிருந்த கிராஃபிக்ஸ் கார்ட் கருகிப்போயிற்று. அது இல்லாமல் படம் நகராது.

கடைகளில் சரக்கு இல்லை. "சிப்பையெல்லாம் ஏஐ கம்பெனிக்காரன் அள்ளிட்டுப் போறான் லா. வர்றது கொஞ்சம், கேக்கிறவங்க நிறைய" என்று கைவிரித்தார் ஒரு கடைக்காரர்.

கடைசியில், கிள்ளானில் குகன் என்பவர் தம்முடைய பழைய கார்டைத் தொள்ளாயிரம் ரிங்கிட்டுக்கு விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். அம்மா பெர்னடெட் ஆயிரம் ரிங்கிட்டை உறையில் வைத்துக் கொடுத்தாள்.

"இதுக்கு மேல ஒரு வெள்ளிகூட இல்ல, பார்த்துக்கோ."

பிறகு வழக்கம்போல அந்த விளம்பரத்தைக் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் போட்டு, 'எல்லாரும் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க' என்று எழுதினாள். ஜெபம் செய்வதானாலும், காணாமல் போன பூனையைத் தேடுவதானாலும் அந்தக் குடும்பத்தில் எல்லாரும் சேர்ந்துதான் இறங்குவார்கள்.

ரயில் சுபாங் ஜெயாவைத் தாண்டியபோது எவலினின் கைப்பேசி ஒலித்தது. குகனின் செய்தி.

"ஆயிரத்து நூறாம்."

ஷா ஆலத்தில் மறுபடி ஒலித்தது. "ஆயிரத்து முந்நூறு!"

"ஏன்க்கா ஏறிக்கிட்டே போகுது?"

"நிறைய பேர் கேக்கிறாங்களாம்."

"திரும்பிடலாமா?"

எவலின் உறையைப் பைக்குள் பத்திரமாகத் தள்ளினாள். "நேர்ல கெஞ்சிப் பார்ப்போம்" என்றாள்.

குகன் ஒல்லியான இளைஞர். அவர் வீட்டு மேசையில் கார்ட் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் மடிக்கணினி திறந்திருந்தது.

"சாரி தங்கச்சி. ஒருத்தர் ஆயிரத்து நானூறு தர்றேன்னு சொல்லிட்டாரு. அதை நம்பித்தான் நான் புதுசு ஆர்டர் போடப் போறேன். இங்க ஒரே கடையிலதான் இருக்கு. அவன் வெச்சதுதான் விலை. இருக்கிற காசையெல்லாம் போட்டாலும் மிச்சத்துக்கு இதை வித்தாகணும்."

வனேசா பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கும் பன்னிரண்டு வயதுக்காரி. எதையும் கேட்காமல் விடமாட்டாள்.

"எத்தனை பேர் கேட்டாங்கண்ணே?"

"ஏழு பேர்! காலையில உன் அக்காவைத் தவிர ஒருத்தர்கூட இல்ல. பதினோரு மணிக்கு மேல ஒரே மெசேஜ். பாரு."

அவர் கைப்பேசியைக் காட்டினார். முதல் செய்தியின் முகப்புப் படத்தில் ஒருவர் பெரிய மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வனேசா கைப்பேசியின் மேல் குனிந்தாள். அது அம்மாவின் தம்பி ரேமண்ட் மாமா! ஆயிரத்து நானூறு என்று எழுதியதும் அவர்தான். அதற்குக் கீழே அம்மா. அதற்கும் கீழே அண்ணன் நைஜல். ஏழுமே தெரிந்த முகங்கள்.

அக்காவின் காதில் கிசுகிசுத்தாள். எவலின் திடுக்கிட்டு அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"சும்மா இருடி. ஏமாத்துறோம்னு நெனச்சுத் துரத்திடுவாரு. மாமாவை மெதுவா விலகச் சொல்லிடலாம்."

குகனின் விரல் ஆர்டர் பொத்தானை நோக்கி நகர்ந்தது. மாமா விலகிவிட்டால் இந்த அண்ணன் மிச்சப் பணத்துக்கு என்ன செய்வார் என்று வனேசாவுக்குத் தோன்றியது.

"அண்ணே, அமுக்காதீங்க!"

குகன் துள்ளிவிட்டார்.

"அந்த ஏழு பேரும் எங்க வீட்டு ஆளுங்கண்ணே. வெளியாள் ஒருத்தர்கூட இல்ல. எங்களுக்கு நாங்களே விலையை ஏத்திக்கிட்டோம்."

"விளையாடுறியா?"

"அந்த மீன்காரருக்குப் போன் போட்டுப் பாருங்க."

குகன் ஒலிபெருக்கியைப் போட்டு அழைத்தார்.

"ஹலோ பாஸ்!" என்று முழங்கியது குரல். "கார்டை யாருக்கும் கொடுத்திடாதீங்க. எங்க அக்கா மக வருவா, அவகிட்டதான் கொடுக்கணும். எவன் எவ்வளவு கேட்டாலும் நான் நூறு வெள்ளி கூட!"

"மாமா, உங்ககிட்ட ஆயிரத்து நானூறு வெள்ளி இருக்கா?" என்று கேட்டாள் வனேசா.

"வனேசாவா? எங்கம்மா இருக்கு? மத்தவனுங்களை விரட்டத்தான் அப்படிச் சொன்னேன்."

"மத்தவங்கன்னு யாருமே இல்ல மாமா."

மாமா போனை வைத்துவிட்டார்.

குகன் மெல்ல மடிக்கணினியை மூடினார்.

"நீ சொல்லலன்னா கையில இருக்கிறதையெல்லாம் கொட்டிட்டு முழிச்சிருப்பேன்" என்றார். "போட்ட விலைக்கே எடுத்துக்கோங்க. உங்க மாமாவை மட்டும் மீன் பிடிக்கிறதோட நிறுத்திக்கச் சொல்லு."

எவலின் திங்கட்கிழமை பதினொன்றரை மணிக்குப் படத்தை ஒப்படைத்தாள். தேறியும் விட்டாள். குகன் மூன்று மாதம் பொறுத்திருந்தார். எதிர்க்கடைக்கும் அதே புதிய கார்ட் வந்து சேர, இரண்டு கடைகளும் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைத்தன. அவர் மலிவாக வாங்கினார். ரேமண்ட் மாமா ஒரு வாரம் குழுவில் மீன் படம் மட்டுமே போட்டார். இப்போது அந்தக் குடும்பத்தில் எது வாங்குவதானாலும் ஒரே ஓர் ஆள்தான் விலை கேட்பது. அந்த ஆளுக்கு வயது பன்னிரண்டு.