நூற்றுக்கு நூறு கணுக்கால்

செவ்வாய்க் குடியிருப்பில் கபடி ஆடுபவர் எம்பிக் குதித்தால், அவர் தரைக்கு வருவதற்குள் பார்வையாளர்கள் ஒரு மிடறு காபி குடித்துவிடலாம். ஈர்ப்பு அவ்வளவு குறைவு. அத்தனை நிதானமாக இறங்கியும் தமயந்தி பாதத்தை மடக்கி வைத்துவிட்டாள். கணுக்கால் புசுபுசுவென்று வீங்கியது. இறுதிப் போட்டிக்குப் பத்தே நாள்.

முறிந்த எலும்பை இயந்திரம் ஒட்டிவிடும். சுளுக்குக்கு மட்டும் அங்கேயும் மனிதக் கைதான். இயன்முறை மருத்துவர் இருதயராஜ் குதிகாலை ஒரு கையில் தாங்கி, பாதத்தை மெல்ல இழுத்து அசைத்து, இறுகிய மூட்டைத் தளர்த்தினார். பிறகு அசைவுமானி வளையம் ஒன்றைக் காலில் மாட்டினார்.

"என் கை பாதி வேலைதான் செய்யும்மா. மீதி நீதான் செய்யணும். மூணு வேளையும் முப்பது சுத்து. வளையம் எண்ணிக்கிட்டே இருக்கும்."

தமயந்தி பலமாகத் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் வளையத்தைக் கழற்றி, வீட்டு ரோபோ செல்லப்பாவின் காலில் மாட்டினாள்.

"எதுக்குக்கா?"

"எனக்குக் கால் சரியாகத்தான். சுத்து."

செல்லப்பா ஒரு சுற்றுகூடக் குறைக்கவில்லை. ஐந்தாம் நாள் வளையத்தின் பதிவைப் பார்த்து இருதயராஜ் பூரித்துப்போனார். நூற்றுக்கு நூறு! காலைத் தொட்டதும் அவர் முகம் மாறியது.

"கணக்கு பிரமாதம். கால் அப்படியேதான் இருக்கு. இன்னும் அஞ்சு நாள்ல இது மடங்கலைன்னா உன் இடத்துல வேற ஆள்."

அவள் விந்தி விந்தி வீடு திரும்பினாள். வீட்டிலோ செல்லப்பா நொண்டிக்கொண்டிருந்தது. சுற்றிச் சுற்றி எண்ணெய் வற்றி மூட்டு இறுகிவிட்டதாம். பணிமனையில் எண்ணெய் போட்டு, அதற்கும் ஒரு வளையம் கொடுத்து, அதே முப்பது சுற்றைச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அது மண்டியிட்டு, தன் வளையத்தை அவள் காலில் மாட்டியது.

"நீங்க சுத்துங்கக்கா. அப்பதானே எனக்குச் சரியாகும்?"

தமயந்தி வெட்கத்தோடு சுற்றினாள். செல்லப்பா எதிரில் உட்கார்ந்து எண்ணியது.

"இருபத்தொன்பதுதான்க்கா ஆச்சு. எனக்கு வலிக்குது."

பத்தாம் நாள் இருதயராஜ் காலை மடக்கிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அன்றைய இறுதிப் போட்டியில் தமயந்தி எதிரணியின் ஆறு தலைகளைத் தாண்டிக் குதித்து, அதே காலில் ஜம்மென்று இறங்கினாள். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அவள் கோப்பையோடு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது செல்லப்பாவைத்தான். அது முன்னைவிட மோசமாக நொண்டியபடி வந்திருந்தது.

"ஐயோ, உனக்கு இன்னும் சரியாகலையா?"

"சரியாயிடுச்சுக்கா. நூத்துக்கு நூறு," என்று வளையத்தின் பதிவைப் பார்த்துப் பணிமனை கொடுத்த சான்றிதழை மகிழ்ச்சியோடு நீட்டியது, மனிதர் வீட்டில் வளர்ந்த செல்லப்பா.