விறகுக்கு வந்த வேர்

கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த ராசம்மா, லய வரிசையில் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் கால் வைத்ததும் நின்றாள். காளான் வாடை. மழை விட்ட பிறகு தேயிலைத் தூரிலிருந்து கிளம்பும் ஈரமான, லேசாக இனிக்கும் வாடை, காலையில் சாணி மெழுகிய தரையிலிருந்து அடுப்புப் புகையையும் மீறி வந்துகொண்டிருந்தது.

அடுப்போரம் மகள் நாகு உட்கார்ந்திருந்தாள். போன மாதம்தான் நடக்கப் பழகியவள். அம்மாவின் காலடி கேட்டால் தத்தித் தத்தி ஓடி வருவாள். இன்று சிரித்தாள். எழவில்லை.

“என்னங்க, புள்ள இப்பிடியேவா ஒக்காந்திருக்கா?”

“எங்கிட்ட இருந்தா நல்ல புள்ள. ஒன்னையக் கண்டாத்தான் ஆட்டமெல்லாம்,” என்றான் அவள் புருஷன் மூக்கன், பீடியைப் பற்றவைத்தபடி.

அவள் அடுப்படியைப் பார்த்தாள். விறகில்லை. வேர்கள். பட்டையில் ஒட்டிய மண்ணுக்குள் வெள்ளை நூல் ஓடியது.

“இது எங்க எடுத்தது?”

“மேமலையில பட்டுப்போன தூரு. இந்த மழைக்கு வேற வெறகு ஏது? சாக்குக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன்.”

மேல்மலையில் தேயிலை பத்தை பத்தையாகச் செத்துக்கொண்டிருந்தது. மண்ணுக்கடியில் பூசணம் வேருக்கு வேர் தாவுகிறதாம். தோண்டிய வேரை அந்தக் குழியிலேயே எரிக்கணும், ஒரு துண்டும் லயத்துக்குப் போகக்கூடாது என்று சிவசாமி கங்காணி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தொண்டை கிழியக் கத்தியிருந்தார். நோய்ச் செடிக்குப் பக்கத்தில் பச்சையாக நிற்கும் செடிகளையும் விடமாட்டார்கள். சுற்றி ஆழப் பள்ளமாகக் கான் வெட்டி, எல்லாவற்றையும் உள்ளேயே கொளுத்துவார்கள்.

வேர்க்குவியலுக்கு அடியிலிருந்து கோடுகள் கிளம்பியிருந்தன. தோலுக்கடியில் நரம்பு தெரிவதுபோல, சாணி மெழுக்குக்கு அடியில். ராசம்மா கண்ணால் தொடர்ந்தாள். எல்லாம் ஒரே பக்கம் போயின.

பிள்ளையின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள். வரவில்லை. தரைக்கடியில் ஏதோ படபடவென்று அறுந்தது. புல் பிடுங்கும் ஓசை. நாகு வீறிட்டாள்.

“விடு! விடு புள்ள! அறுத்துறாத!” மூக்கன் கத்தினான்.

விட்டாள். அழுகை நின்றது. நாகு மறுபடி சிரித்தாள்.

மூக்கன் கங்காணியைக் கூப்பிட ஓடினான். ராசம்மா பிள்ளையை ஒட்டி, பாதங்களைத் தரையில் ஊன்றிக் குந்தினாள். அந்தக் குட்டிக் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது. வாசலில் பனி வெளுத்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

கங்காணி வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை.

“கங்காணி ஐயா, புள்ளையக் காப்பாத்துங்க.”

அவர் பிள்ளையைப் பார்த்தார். வேரைப் பார்த்தார். ராசம்மாவின் பாதத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். போய்விட்டார்.

பிறகு மண்வெட்டிச் சத்தம். ஒன்று. பல. லயத்தின் முன்பக்கம். பின்பக்கம்.

“இந்தப் பக்கம் ரெண்டு காம்பரா. அந்தப் பக்கம் ரெண்டு,” வெளியே கங்காணியின் குரல். “யாரையும் வெளிய விடாதீங்க. மூக்கா, நீயும் உள்ள போ.”

மூக்கன் உள்ளே வந்தான். கதவு வெளியே சாத்தப்பட்டது.

மண்ணெண்ணெய் வாடை.

ராசம்மா எழப் பார்த்தாள்.

பாதத்துக்கு அடியில் புல் பிடுங்கும் ஓசை.

நாகு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பால் பற்களுக்கு நடுவே, நாக்கின் மேல், பூப்பூவாக வெள்ளை.