ஆமாம் வாசல், இல்லை வாசல்

வந்த அதிகாரி தன் கதையை ஆரம்பித்து, பாதியில் தானே குழம்பி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

"கைதட்டினவங்களே எதிர்த்து ஓட்டுப் போட்டிருக்காங்க மேடம். யோசிச்சு யோசிச்சுத் தலை சுத்துது."

துப்பறியும் அம்மாள் தண்ணீர் கொடுத்துக் காத்திருந்தார். பக்கத்தில் அவருடைய மாப்பிள்ளை. செல்போன் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டு மாமியாரோடு துப்புத் துலக்கப் போவதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். அவர் மனைவிக்குத்தான் அந்த ஆனந்தம் புரிவதில்லை.

விஷயம் இதுதான். ஊர்த் தலைவரை இதுவரை மன்ற உறுப்பினர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தேர்ந்தெடுத்து வந்தார்கள். இனி மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா என்று கருத்துக் கேட்கும் கூட்டம் முந்தாநாள் மழையில் ஊர்ப் பொதுக்கூடத்தில் நடந்தது. பேசியவர்கள் எல்லோரும் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது. கூட்டம் முடிந்ததும் சம்மதிப்பவர்கள் மைதானத்துப் பக்க வாசலிலும், மறுப்பவர்கள் தெருப் பக்க வாசலிலும் வெளியேற வேண்டும். வெளியே போகும் ஆளை மட்டும் எண்ணுகிற இயந்திரம் இரண்டு வாசலிலும் உண்டு. இந்த ஏற்பாடு அதிகாரியின் யோசனை. முன்கூட்டியே ஊரெல்லாம் சுவரொட்டியும் ஒட்டியாயிற்று. கடைசியில் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் மறுப்பு!

"இதுதான் மக்கள் கருத்துன்னு நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். போட்டா, விலை போயிட்டேன்னு ஊரே பேசும். எங்க அப்பாவே என்கிட்ட பேசறதில்ல. போடலைன்னா வேலை போயிடும்."

"மெஷின்ல கை வச்சிருக்காங்க அத்தை!" மாப்பிள்ளை துள்ளி எழுந்தார்.

தூறல் விடவில்லை. கூடத்துக்குள் மாப்பிள்ளை நுழைந்தபோது அவருடைய செருப்பு தரையெங்கும் சேற்றை அப்பியது. கூடத்து மேனேஜர் சாவிக்கொத்தை ஆட்டியபடி, "வாங்க, வாங்க" என்றாரே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. தரை கீறல் விழுந்து வெளுத்துக் கிடந்தது. மாப்பிள்ளை இயந்திரத்தைப் பிரித்தார், மாட்டினார், வாசலில் போவதும் வருவதுமாக நடந்து பார்த்தார். அது ஒழுங்காகத்தான் எண்ணியது. அவர் முகம் தொங்கிவிட்டது.

எதிரே சலவைக் கடை. அங்கிருந்த அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"கை வலிக்கத் தட்டினேன்மா. நான் சம்மதம்தான்."

"எந்த வாசல் வழியா வெளிய வந்தீங்க?"

"போன வாசல் வழியாத்தான். செருப்பு அங்கதானே இருந்துச்சு?"

"வாசலைப் பத்தி மைக்ல சொல்லலையா?"

"என்னவோ சொன்னாங்க. எல்லாரும் எழுந்தாச்சு, ஒரே கூச்சல். எவ காதுல விழும்? சுவரொட்டியில கூட்டம் என்னைக்குன்னு மட்டும்தான் பார்த்தேன்."

துணி வாங்க வந்த தையல்காரர் குறுக்கிட்டார். "என் காதுல விழுந்துச்சும்மா. மைதானத்துப் பக்கம் போனேன். ஒரே சேறு, வெறுங்கால். செருப்பை மாட்டிட்டு வந்துடலாம்னு தெருப் பக்கம் போனேன். வெளிய வந்தாச்சு, எண்ணியாச்சுன்னு அப்புறம் உள்ளயே விடல."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "மெஷினும் பொய் சொல்லல, இவங்களும் பொய் சொல்லல. அப்ப யார்தான் பொய் சொல்றது அத்தை?"

"பொறுங்க மாப்பிள்ளை."

சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் கூடினார்கள். அதிகாரி, மேனேஜர், அப்புறம் இப்போதைய தலைவரின் மைத்துனர். கூட்டத்தன்று மைக் பிடித்தவர் இவர்தான்.

"இப்ப நாம எல்லாரும் செருப்போடதான் நிக்கறோம்," என்றார் அம்மாள். "யாரும் கழட்டச் சொல்லல. அன்னைக்கு மட்டும் ஏன் கழட்டச் சொன்னாங்க?"

"தரைக்குப் புதுசா பாலிஷ் போட்டிருக்குன்னு தெரு வாசல்ல பலகை வச்சிருந்தாங்களே," என்றார் அதிகாரி.

எல்லோரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள். மேனேஜர் மட்டும் மைத்துனரைப் பார்த்தார்.

"சார்தான் பலகை கொண்டுவந்தாரு. எதுக்குன்னு நான் கேக்கல."

"நீங்க கேக்கல, நான் சொல்றேன். சம்மதம்னா மைதானத்துப் பக்கம்னு சுவரொட்டியிலயே இருக்கு. மழை பேஞ்சா அந்தப் பக்கம் சேறாகும். ஊரோட செருப்பையெல்லாம் தெருப் பக்கம் நிறுத்திட்டா, ஊரே அந்தப் பக்கம்தான் வரும். எல்லாரும் எழுந்து கூச்சல் போடறப்ப மைக்ல ஒரு வார்த்தை சொன்னா, சொன்னதாவும் ஆச்சு, யாருக்கும் கேக்காமலும் போச்சு."

மைத்துனர் சிரித்தார். "நான் யாரையும் தடுக்கல. கால்ல சேறு படும்னு கருத்தை மாத்திக்கிறவன் கருத்து ஒரு கருத்தா?"

"யாரும் கருத்தை மாத்தல. செருப்பைத்தான் தேடினாங்க."

அவர் சிரிப்பு நின்றது. அதிகாரிக்கு உயிர் வந்தது. "அப்ப மக்கள் சம்மதிச்சுட்டாங்கன்னே எழுதிடலாமா மேடம்?"

"அது எனக்குத் தெரியாதே."

"அவ்வளவு கைதட்டினாங்களே!"

"பக்கத்துல இருக்கறவர் தட்டினா நானும்தான் தட்டுவேன். சேத்துல இறங்கிப் போனவங்க, விரும்பித் தெருப் பக்கம் வந்தவங்க, செருப்புக்காக வந்தவங்க, எல்லாம் கலந்து போச்சு. இனிமே யாராலும் பிரிக்க முடியாது."

"திரும்பக் கேட்டு, நிஜமாவே வேண்டாம்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும்."

அதிகாரிக்குப் பயமாக இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. பிறகு போனை எடுத்து மேலதிகாரியை அழைத்தார்.

"சார், நான் கையெழுத்துப் போடல. கூட்டம் செல்லாது. பலகை வச்சது இன்னொருத்தர், ஆனா வாசல் வச்சுக் கேட்ட யோசனை என்னுது."

மறுமுனையில் போட்ட சத்தம் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. வேலை, நாளை, விளக்கம் என்ற வார்த்தைகள் தெளிவாகவே விழுந்தன. அதிகாரி முடியும்வரை கேட்டுக்கொண்டார்.

"போனா போகட்டும் சார். இந்த ஊர்க்காரங்க என்ன நினைக்கிறாங்கன்னு இன்னும் யாருமே கேக்கல."