அதிதியின் மூச்சுக்கோடு

ஒயரை உருவியதும் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு படுத்துவிட்டது. அது சங்கரி எதிர்பார்த்ததுதான். கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த அதிதியின் மூச்சும் கூடவே நின்றது.

பதறிச் செருகினாள். கோடு எழுந்தது. அதிதியின் நெஞ்சும் எழுந்தது.

தற்செயல் என்று சொல்லிக்கொண்டாள். மட்டாஞ்சேரியில் அதிதியின் பழைய வீட்டு மாடியில், பிற்பகல் மழைக்கு ஜன்னலைச் சாத்தியிருந்ததால், பக்கத்துக் கிடங்கின் சுக்கு நெடியும் ஈரச்சுவரின் வாடையும் வெளியேற வழியில்லாமல் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன; ஓட்டில் விழும் மழையின் இரைச்சலுக்கு அடியில் மடிக்கணினியின் விசிறி விடாமல் முனகியது.

இருவரும் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம். பச்சைக் குழந்தைக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றால் எச்சரிக்கும் கருவிதான் அவர்கள் புராஜெக்ட். மெத்தைக்கு அடியில் மூச்சின் அசைவை உணரும் ஒரு பட்டை, அதிலிருந்து மடிக்கணினிக்கு ஒரு ஒயர். கொச்சங்காடியில் மூட்டை சுமக்கும் அப்பாவோடு இருந்த ஒற்றை அறையில், மூன்று மாதம் விரலைப் பொசுக்கிக்கொண்டு சர்க்யூட்டைச் சரிசெய்தவள் சங்கரி. அதைப் பற்றி மேடையில் பேசியவள் அதிதி. ஜெர்மனியில் ஆறு மாதப் பயிற்சிக்குக் காலையில் அழைப்பு வந்ததும் அதிதிக்கு மட்டும்.

"ஒனக்கு அடுத்த வருஷம் கிட்டும்டி," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் படுத்தாள். "நான் செத்த தூங்கறேன். நீ ரீடிங் எடு, கேட்டியா?"

அந்தக் 'கிட்டும்' இன்னும் நெஞ்சுக்குள் எரிந்தது. ரீடிங் நாசமாகட்டும் என்றுதான் உருவினாள்.

மறுபடி உருவினாள். மூச்சு நின்றது. நான்கு எண்ணிவிட்டுச் செருகினாள். வந்தது.

பயத்தோடு இன்னொன்றும் விரல் நுனியில் ஊறியது. அதிதியிடம் இருக்கும் ஏதோ ஒன்று, முதல்முறையாகத் தன் கையில்.

மூன்றாவது முறை உருவினாள். ஜெர்மனி. மேடை. கைத்தட்டல். அந்தச் சிரிப்பு. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சமே கொஞ்சம்.

அதிதியின் உதடு கருத்தது. செருகினாள்.

கோடு எழுந்தது. நெஞ்சு எழவில்லை.

"அதிதி! எந்திரிடி!"

உலுக்கினாள். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. நெஞ்சை அழுத்தினாள். விட்டாள். அழுத்தினாள். இத்தனை ஆட்டத்திலும் கோடு கலையவில்லை. ஒயரைப் பிடுங்கினாள்.

ஒயர் இல்லாமலும் கோடு ஓடியது.

படியில் காலடி. அதிதியின் அம்மா காமாக்ஷி, சாயாத் தம்ளரோடு.

"மாமி... மூச்சு... மூச்சு இல்ல மாமி..."

காமாக்ஷி கட்டிலைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தாள்.

"நன்னாத்தானேடி ஓடறது! எழுப்பாதே. பாவம், ராத்திரி பூரா படிச்சுண்டிருந்தா."

மகளின் கழுத்து வரை போர்வையை இழுத்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து முடியைக் கோதினாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவேயில்லை.

மூன்று மாதத்தில் ஒருநாளும் கோடு இப்படிப் பிசிறில்லாமல் வந்ததில்லை. போர்வைக்கு வெளியே அதிதியின் நகங்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. திரையில் கோடு ஏறியது, இறங்கியது, ஏறியது.