சுவரில் சிரிக்கும் சிட்டு

அந்தப் படத்தைப் பார்த்தாலே சிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பல் மருத்துவமனையின் சுவரில் ஜன்னல் அகலத்துக்கு அவள் முகம். காது வரைக்கும் சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில், ‘இவளைப் போல் சிரியுங்கள்!’

சிட்டுவின் அம்மா அங்கே டாக்டருக்கு உதவியாளர். வருகிறவர்களிடமெல்லாம், “என் பொண்ணுதான். பல்லுல ஒரு பொட்டு சொத்தை கிடையாது” என்று சொல்லாமல் விடமாட்டார்.

சொத்தை இருந்தது. வலது கடைவாயில். பல் தேய்த்துப் படுத்த பிறகு போர்வைக்குள் மிட்டாய் தின்ற பலன்.

முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. பிறகு சூடான பால் பட்டாலும் விண்விண்ணென்று தெறித்தது. டம்ளரைக் கீழே வைத்த பிறகும் வலி அடங்கவில்லை. அம்மாவிடம் சொல்ல வாயெடுப்பாள். சுவரில் இருக்கும் படம் ஞாபகம் வரும். வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு இடது பக்கமாகவே மெல்லுவாள்.

போன வாரம் வலி தானாகவே நின்றுவிட்டது. ‘அப்பாடா, தப்பிச்சேன்!’ என்று சிட்டு கட்டிலில் ஒரு குதி குதித்தாள்.

இன்று பள்ளி விட்டதும் வழக்கம்போல மருத்துவமனைக்கு வந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த பஸ் ஓட்டுநர் திடீரென்று எழுந்தார்.

“நான் கிளம்பறேம்மா. உயிரை எடுத்த வலி நேத்தோட போயிடுச்சு.”

“வலி போனா பல்லு சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்லண்ணே” என்றார் அம்மா. “உள்ள நரம்பு செத்திருக்கலாம். அப்புறம் வேர்ல சீழ் வைக்கும். ஈறுல சின்னக் கொப்புளம்கூட வரும்.”

சிட்டுவின் நாக்கு தானாகக் கடைவாய்ப் பக்கம் போனது. ஈறில் குண்டூசித் தலை அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. பென்சில் நின்றுவிட்டது.

“சும்மா பயமுறுத்தாதீங்க!” ஓட்டுநர் சுவரைக் காட்டினார். “இப்படிப் பல்லு இருக்கற புள்ளையைப் பெத்தவங்களுக்கு என் கஷ்டம் எங்க புரியும்?” செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

சிட்டுவின் முகம் சூடானது. சொன்னால் அம்மாவின் மானம் போகும். சொல்லாவிட்டால் இவர் போய்விடுவார்.

“மாமா, போகாதீங்க! எனக்கும் இப்படித்தான் வலி நின்னுது. இங்க பாருங்க.” உதட்டை விரலால் இழுத்துக் காட்டினாள்.

ஓட்டுநர் குனிந்து வாயைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார்.

“அட, ரெண்டும் ஒரே வாயா?”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. சிட்டு கூனிக் குறுகி நின்றாள்.

“ஏன்டி என்கிட்ட சொல்லல?”

“நீ எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு இருந்தியேம்மா...”

அம்மாவின் கண் கலங்கியது. “ஊர்ல இருக்கற வாயெல்லாம் பாக்கறேன். என் வீட்டு வாயைப் பாக்காம விட்டுட்டேனே!” என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

டாக்டர் இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்தார். இரண்டு படத்திலும் வேர் நுனியில் கறுப்பாக ஒரு நிழல்.

“ரெண்டு பேருக்கும் வேர் சிகிச்சைதான். உள்ள சுத்தம் பண்ணி அடைச்சுட்டா போதும், பல்லைப் பிடுங்க வேண்டாம். மரத்துப்போக ஊசி போட்டுடுவேன்.”

“பாப்பா முதல்ல போகட்டும்” என்றார் ஓட்டுநர் அவசரமாக. “அவ கத்தலைன்னா நான் வரேன்.”

சிட்டு கத்தவில்லை. ஓட்டுநர்தான் ஊசியைப் பார்த்ததுமே கத்தினார்.

வெளியே வந்ததும் சிட்டு, “டாக்டர், அந்தப் படத்தை எடுத்துடுங்க” என்றாள். மரத்த உதட்டில் வார்த்தை வழுக்கியது.

“எடுத்துடலாம். புதுசு ஒண்ணு வேணுமே? சிரி!” டாக்டர் போனை நீட்டினார்.

மறுவாரம் சுவரில் வேறு படம். அதில் சிட்டு ஒரு பக்கம் மட்டும் கோணலாகச் சிரிக்கிறாள். விரல் கடைவாயைக் காட்டுகிறது. கீழே, ‘வலி நின்றுவிட்டதா? உடனே வாருங்கள்!’

அம்மா இப்போதும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், அதே பெருமையோடு:

“என் பொண்ணுதான். பல்லுல ஒரு சொத்தை இருந்துது!”