ஒச்சோலா மாமா அடித்த ஆணி

கென்யாவின் கிசுமு நகரத்தில் ஒச்சோலா மாமா படம் எடுக்காத கல்யாணமே கிடையாது. அவர் "சிரிங்க!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். மாப்பிள்ளை சிரிப்பார், பெண் சிரிப்பாள், கேக்கின் மேல் நிற்கும் சர்க்கரைப் பொம்மைகூடச் சிரிக்கும்.

அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தன் ஸ்டூடியோச் சுவரில், இருபது வருடக் கல்யாணப் படங்களுக்கு நட்டநடுவே, ஒரு சிவிங்கியின் படத்தை மாட்ட வேண்டும். உலகத்திலேயே வேகமாக ஓடும் விலங்கு, தான் எடுத்த படத்தில் அசையாமல் நிற்க வேண்டும்.

ஆசை வந்த அன்றே சுவரில் ஆணி அடித்துவிட்டார். படத்துக்கு உரிய சிவிங்கியோ இருநூறு கிலோமீட்டர் தள்ளி, மாரா சரணாலயப் புல்வெளியில் மான் துரத்திக்கொண்டிருந்தது.

"படமே இல்ல, அதுக்குள்ள ஆணியாடா?" என்றாள் அம்மா. அவள் மாமாவின் அக்கா, அவினோவின் அம்மா.

"ஆணி அடிச்சிட்டா படம் தானா வந்துடும், அக்கா."

"அப்படியா? அப்ப முதல்ல ஒரு தொட்டில் வாங்கி வை. உனக்கும் கல்யாணம் தானா நடக்கும்."

தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பைக் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் ஸ்டூடியோ வாசலில் வண்டியை நிறுத்தி, "மாமா, படம் வந்துடுச்சா? ஆணி மட்டும்தான் இருக்கு!" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இனி வெறுங்கையோடு திரும்ப முடியாது.

ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று பேர் கிளம்பினார்கள். மாமா, அம்மா, அம்மாவின் பத்து வயது மகள் அவினோ.

மாமா ஒரு பத்திரிகைக்காரரிடம் லென்ஸ் இரவல் வாங்கியிருந்தார். கால்பந்துப் போட்டியை மைதானத்தின் மறுகோடியிலிருந்து எடுக்கிற லென்ஸ் அது. அதன் முன்பக்கம் மாராவுக்குள் நுழைந்தபோது பின்பக்கம் இன்னும் நுழைவாயிலில் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

அவர்களுடைய வண்டியை ஓட்டியவர் லெமயான். மசாய் இனத்தவர். ஜாக்கெட்டின் மேல் சிவப்புப் போர்வை போர்த்தியிருந்தார். லென்ஸை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், இது கேமராவா, இல்ல கூடாரத்துக்கு நடுக்கம்பமா?" என்று கேட்டார்.

முதல் இரண்டு நாளும் மாமா எடுத்த படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இருபது வருடப் பழக்கம் அவரை விடவில்லை.

ஒட்டகச்சிவிங்கியிடம், "கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்துங்கம்மா" என்றார்.

"இதுக்கு மேல நிமிர்த்தினா மேகத்துல இடிச்சுக்கும்டா" என்றாள் அம்மா.

காட்டெருமைக் கூட்டத்தைப் பார்த்து, "உயரமானவங்க பின்னால, சின்னவங்க முன்னால!" என்று கை தட்டினார். நூறு காட்டெருமைகளும் திரும்பி முதுகைக் காட்டின. மாமாவிடம் இப்போது நூறு வால்களின் படம் இருந்தது.

சிவிங்கி மட்டும் கண்ணிலேயே படவில்லை.

மூன்றாவது நாள், அதாவது கடைசி நாள், காலை ஒன்பது மணி. அம்மா டப்பாவைத் திறந்து பொரித்த மீனும் சப்பாத்தியும் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி ரேடியோ கரகரத்தது. ஆற்றோரப் புதருக்குப் பக்கத்தில் ஒரு சிவிங்கி!

லெமயான் வண்டியை விரட்டிய வேகத்தில் மீன்களுக்கு மறுபடி உயிர் வந்துவிட்டது. ஒன்று அம்மாவின் மடியில் குதித்தது. இன்னொன்று மாமாவின் தொப்பிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

புதரருகே வண்டி நின்றதுதான் தாமதம், புல்லுக்குள்ளிருந்து சிவிங்கி எழுந்து வந்தது. மெலிந்த உடம்பு. உடம்பெல்லாம் கரும்புள்ளிகள். கண்ணிலிருந்து வாய்வரை யாரோ மை தீட்டியதுபோல இரண்டு கோடுகள். நேராக வந்தது. ஒரே தாவலில் இவர்கள் வண்டியின் பானெட் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.



"பயப்படாதீங்க" என்று லெமயான் கிசுகிசுத்தார். "உயரமான இடம் கிடைச்சா ஏறி நின்னு பார்க்கும். வண்டியும் அதுக்கு ஒரு புத்து மாதிரிதான்."

மாமா மெல்ல எழுந்து, கூரைத் திறப்பின் வழியே தலையை நீட்டினார். லென்ஸைத் தூக்கினார். கண்ணை வைத்தார். அப்படியே சிலையாகிவிட்டார்.

"என்ன மாமா?" என்றாள் அவினோ.

"மஞ்சளா இருக்கு."

"சிவிங்கி மஞ்சளாத்தானே இருக்கும்?"

"எல்லாமே மஞ்சளா இருக்கு, அவினோ! வெறும் மஞ்சள் புகை! இந்த லென்ஸுக்கு அஞ்சு மீட்டராவது தள்ளி நிக்கணும். இது ரெண்டே மீட்டர்ல உட்கார்ந்திருக்கு." மாமா குனிந்து சிவிங்கியிடம் கெஞ்சினார். "கொஞ்சம் பின்னால போங்கம்மா. இன்னும் மூணு மீட்டர்."

சிவிங்கி கொட்டாவி விட்டது.

"போன்ல எடுடா" என்றாள் அம்மா.

"போன்ல எடுத்த படத்துக்கு ஆணி எதுக்கு? ஒரு குண்டூசி போதும்."

இதற்குள் மற்ற வண்டிகள் வந்துவிட்டன. ஐந்து வண்டிகளுக்கு மேல் ஒரு விலங்கைச் சுற்றி நிற்கக் கூடாது என்பது அங்கே விதி. ஐந்தாவது வண்டிக்காரர் விதியை நினைத்துப் பார்ப்பதற்குள் பதினோராவது வண்டி வந்து நின்றது. பெரிய வட்டம் ஒன்று உருவாகி, இடைவெளி இல்லாமல் மூடிக்கொண்டது. எல்லா வண்டிகளிலிருந்தும் கேமராக்கள் படபடவென்று பொரிந்தன. அந்த நேரத்தில் மாரா முழுவதிலும் அந்தச் சிவிங்கியைப் படம் எடுக்க முடியாத ஒரே மனிதர் ஒச்சோலா மாமாதான்.

அவினோ சிவிங்கியின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கோ ஒரு பறவை 'கீச்' என்றது. சிவிங்கியின் காது திரும்பியது. ரேடியோ இரைந்தது, கேமராக்கள் பொரிந்தன, யாரோ தும்மினார்கள். காது அசையவே இல்லை. மறுபடி 'கீச்'. காது டக்கென்று திரும்பியது.

தூரத்தில் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. சிவிங்கி அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. வட்டத்துக்கு வெளியே, ஒரு பச்சை வேனுக்குப் பின்னாலேயே அதன் கண் இருந்தது.

அப்போது சிவிங்கி பானெட்டிலிருந்து குதித்தது. பத்தடி நடந்தது. இருபதடி நடந்தது. அங்கே இருந்த கறையான் புற்றின் மேல் ஏறி நின்றது. பின்னால் நீல வானம், முதுகில் காலை வெயில்.

"இதான்! இதான்!" மாமா மறுபடி கண்ணை வைத்தார். லென்ஸில் ஒவ்வொரு மீசை முடியும் தெரிந்தது. "இந்தப் பக்கம் பாருங்கம்மா... ஒரே ஒரு தடவை... முகம் தெரியாம நான் படமே எடுத்ததில்ல..."

"அது திரும்பாது மாமா" என்றாள் அவினோ. "லெமயான் அண்ணா, அந்தப் பறவை எங்க இருக்கு?"

"எந்தப் பறவை?"

"தரையிலேருந்து கத்துதே, அது. அது கத்தினா மட்டும் சிவிங்கியோட காது திரும்புது. வேற எதுக்கும் திரும்ப மாட்டேங்குது."

லெமயான் ரேடியோவின் சத்தத்தை அடக்கினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். 'கீச்... கீச்...'

அவர் முகம் மாறியது. "பறவை இல்ல பாப்பா. குட்டி. சிவிங்கிக் குட்டி இப்படித்தான் கத்தும். பச்சை வேனுக்குப் பின்னால புல்லுல இருக்கு. வண்டிங்களுக்குப் பயந்து உள்ள வர மாட்டேங்குது."

"அதோ அங்க படுத்திருக்கிறது என்ன அண்ணா?"

லெமயான் அவள் காட்டிய திசையைப் பார்த்தார். புல்மேட்டில் ஒரு கழுதைப்புலி. அதுவரை படுத்திருந்தது, இப்போது எழுந்து உட்கார்ந்தது. அதற்கும் காது இருந்தது.

லெமயான் ரேடியோவைப் பிடித்துக் கத்தினார். "வழி விடுங்கப்பா! குட்டி வெளிய மாட்டிக்கிச்சு!"

"முதல்ல அவனை வண்டியை எடுக்கச் சொல்லு" என்றது ஒரு குரல்.

"எனக்குப் பின்னால ஒருத்தன் நிக்கிறான், நான் எங்க போறது?" என்றது இன்னொன்று.

"என்னோட ஆளுங்க இன்னும் படம் எடுத்து முடிக்கல" என்றது மூன்றாவது. ஒரு வண்டியும் நகரவில்லை.

கழுதைப்புலி நான்கு கால்களில் நின்றது.

அவினோ மாமாவின் சட்டையை இழுத்தாள்.

"மாமா, கேமராவைக் கீழ வைங்க."

"என்னது? அவினோ, ஆணி அடிச்சிட்டு வந்திருக்கேன்!"

"கல்யாணத்துல பொண்ணு ஒரு பக்கம், அவங்க அம்மா இன்னொரு பக்கம், நடுவுல கூட்டம் அடைச்சுக்கிட்டு நின்னா என்ன பண்ணுவீங்க?"

"கூட்டத்தை ரெண்டாப் பிரிப்பேன். பத்து எண்ணறதுக்குள்ள."

"பாதிரியார் ஜெபம் பண்ணிட்டிருந்தா? சத்தம் போட முடியாதே?"

"கையாலயே பண்ணுவேன். இதெல்லாம் ஒரு—" மாமா நிறுத்தினார். புற்றைப் பார்த்தார். சிவிங்கி இன்னும் அங்கேயே நின்றது, வெயில் இன்னும் அதன் முதுகில் இருந்தது. பிறகு பச்சை வேனைப் பார்த்தார்.

லென்ஸ் கழுத்தில் தொங்கியது. இரண்டு கைகளும் மேலே போயின.

அந்தக் கைகளை மாராவில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. வலது கை விரல் இரண்டை அசைத்தார்: மாப்பிள்ளை வீட்டார் இந்தப் பக்கம். இடது கையைத் தள்ளினார்: பெண் வீட்டார் அந்தப் பக்கம். புருவத்தை உயர்த்தினார்: நீல உடுப்பு, இன்னும் ஓரடி பின்னால்.

ஓட்டுநர்கள் எல்லோரும் கென்யாக்காரர்கள். பிறந்ததிலிருந்து நூறு கல்யாணங்களில் இதே கைகளுக்குப் பணிந்து பழகியவர்கள். ரேடியோவில் யார் சொல்லியும் கேட்காத கால்கள், யோசிப்பதற்கு முன்பே தாமாகக் கிளட்சை மிதித்தன. ஒன்று பின்னால் போனது. ஒன்று ஒதுங்கியது. ஒரு வெள்ளைக்காரர் தான் நிற்பது வண்டிக்குள் என்பதையும் மறந்து, இரண்டடி நகர்ந்து பெஞ்சிலிருந்து விழுந்தார்.

பச்சை வேன் மட்டும் அசையவில்லை. அதன் ஓட்டுநர் போனில் மும்முரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பச்சை, மாமா!" அவினோ விரலை நீட்டினாள்.

மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். கேக் வெட்டும் நேரத்தில் கேக்குக்கு முன்னால் வந்து நிற்கிற பணக்காரப் பெரியப்பாவுக்கென்றே வைத்திருக்கும் பார்வை அது. பச்சை வேன் ஒரு கையால் ஓட்டப்பட்டு, வெட்கத்தோடு ஒதுங்கியது.

நடுவே நேரான பாதை ஒன்று திறந்தது. இரண்டு பக்கமும் வரிசையாக வண்டிகள்.

புல் அசைந்தது. முதுகில் சாம்பல் நிறச் சடையோடு, ஒரு பூனை அளவுக்குக் குட்டி ஒன்று வெளியே வந்தது. இந்தப் பக்கம் பார்த்தது. அந்தப் பக்கம் பார்த்தது. பிறகு அந்தப் பாதையின் நடுவே, யாரையும் லட்சியம் செய்யாமல், மெதுவாக நடந்து வந்தது.

தாய் புற்றிலிருந்து இறங்கி ஓடியது. குட்டியின் தலையை நக்கிய நக்கில் குட்டி குப்புற விழுந்தது.

கழுதைப்புலி மறுபடி படுத்துக்கொண்டது.

மாமா கைகளை இறக்கி, லென்ஸைத் தூக்கி, கண்ணை வைத்தபோது புல்லுக்குள் இரண்டு வால் நுனிகள்தான் தெரிந்தன. அதை எடுத்தார். ஆக மொத்தம் நூற்றிரண்டு வால்கள்.

திரும்பி வரும் வழியில் மாமா லென்ஸைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அம்மாவும் அவரைச் சீண்டவில்லை. தொப்பிக்குள் கிடந்த மீனை எடுத்து, நல்ல பெரிய துண்டாகப் பிய்த்து அவருக்குக் கொடுத்தாள்.

மூன்று வாரம் ஆணி காலியாக இருந்தது. பிறகு ஒருநாள் லெமயானிடமிருந்து மாமாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. பச்சை வேன் ஓட்டுநர் அனுப்பச் சொன்னாராம்.

படத்தில் வரிசையாக வண்டிகள். நடுவே நிமிர்ந்த தலையோடு குட்டிச் சிவிங்கி. அதற்குப் பின்னால், வண்டிக் கூரைக்கு மேலே, கழுத்தில் கம்பம் போன்ற லென்ஸ் தொங்க, இரண்டு கைகளையும் விரித்தபடி ஒச்சோலா மாமா.

"போன்ல எடுத்ததாச்சே" என்றாள் அம்மா. "குண்டூசி இருக்கு, தரவா?"

மாமா அதைப் பெரிதாக அச்சிட்டு, சட்டம் போட்டு, ஆணியில் மாட்டினார்.

ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்றுவிடுகிறார்கள். "இது யார் வீட்டுக் கல்யாணம் மாமா?" என்று கேட்கிறார்கள்.

"மாராவுல நடந்தது" என்பார் மாமா. "ரெண்டு வீட்டுக்காரங்களும் சொன்ன பேச்சைக் கேட்டாங்க."

படத்தில் மாமாவின் முழங்கைக்குக் கீழே ஒரு சின்ன விரல் நீண்டிருக்கும். விரல் மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. அது யாருடைய விரல் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவினோ சொல்வாள்.

கேட்காதவர்களுக்கும் சொல்வாள்.