கல்லிடம் சொன்னது

மேஜையில் கிடந்த பித்தளை ஸ்பேனர் அரை விரற்கடை நகர்ந்தது.

இளையவள் அதைக் கண்ணால் பார்த்தாள். பித்தளையைக் காந்தம் இழுக்காது. அதனால்தான் மோட்டார் தொழிற்சாலையின் அந்த அறையில் எல்லாமே பித்தளை, மரம், பிளாஸ்டிக் என்று இருந்தது. சாவி, செல்போன், கொண்டை ஊசி அத்தனையும் மஞ்சள் கோட்டுக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பெரிய மோட்டார்களுக்குள் பொருத்தும் காந்தங்கள் ஒவ்வொன்றும் செங்கல் அளவு இருக்கும். வேலை செய்பவர்கள் அவற்றைக் கல் என்றே சொல்வார்கள். இரண்டு கல் நேருக்கு நேர் பாய்ந்தால், நடுவில் இருப்பது விரலா வெண்டைக்காயா என்று பார்க்காது.

எதிர்ப்பக்கம் மூத்தவள் நின்றாள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் இருவரும். ஒரே அடுப்பு, ஒரே பஸ், ஒரே மேஜை. பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது. மூத்தவள் ஒருநாள் மறதியாகக் கொண்டை ஊசியோடு கோட்டைத் தாண்டினாள். இளையவள் அதைச் சூப்பர்வைசரிடம் போட்டுக்கொடுத்தாள். மூத்தவளின் லீடர் பதவி போனது, அது இளையவளிடமே வந்தது. பாதுகாப்புக்காகத்தான் சொன்னேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதில் பாதி உண்மை.

ஆனால் இந்த வேலையில் வாய் திறக்காமல் இருக்க முடியாது. ஒரு கல்லை மேஜை நடுவே மரச்சட்டத்தில் இறுக்கியிருப்பார்கள். இன்னொன்றை மரப்பள்ளத்தில் மெல்லத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தடுப்பாக நிற்கும் பலகையை ஒருத்தி சொல்லாமல் உருவினால் மற்றவளுக்குக் கை போச்சு. அதனால் இருவரும் நடுக்கல்லிடம் பேசினார்கள்.

"பலகைய எடுக்கப் போறேன், கைய எடுக்கச் சொல்லு" என்பாள் ஒருத்தி, கல்லைப் பார்த்து.

"எடுத்தாச்சுன்னு சொல்லு" என்பாள் மற்றவள்.

முதலில் வேலைப் பேச்சுதான். போகப் போக வீட்டு வயிற்றெரிச்சலையும் அந்தக் கல்லின் தலையில் கொட்டினார்கள். "அந்தக் கல்லுக்கு மட்டும் வாய் இருந்தா உங்க குடும்பம் சந்தி சிரிச்சிருக்கும்" என்று மற்ற பெண்கள் கேலி செய்வார்கள்.

இப்போது அந்தப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இந்த ஒரு மோட்டாரை முடித்துவிட்டு இவர்களும் போக வேண்டும்.

"பித்தளை நகருதுன்னு சொல்லு. கண்ணு இருக்கறவங்க பாக்கட்டும்" என்றாள் இளையவள்.

மூத்தவள் நிமிரவில்லை. "லீடரம்மாவுக்குக் கை நடுங்குதுன்னு சொல்லு. வாய் நீளம், கை நடுக்கம்."

இளையவளுக்குச் சுருக்கென்றது. டியூப் லைட்டின் ரீங்காரமும், துடைக்கும் ஸ்பிரிட்டின் நெடியும், சுவருக்கு அப்பால் சுற்றும் மின்விசிறியின் ஒரே மாதிரியான கடகடப்பும் சேர்ந்து காதுக்குள் அடைத்துக்கொண்டு நிற்க, எத்தனையோ மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே வாக்கியமாக வெளியே வந்து விழுந்தது.

"அவ கையப் பிடிச்சு நசுக்கு. அப்பத்தான் அடங்குவா."

ரீங்காரம் நின்றது. மின்விசிறிச் சத்தமும் நின்றது. ஸ்பேனர் தானாகப் பின்னால் நகர்ந்து, வேலை முடிந்ததுபோல் ஓய்ந்து கிடந்தது. யாரோ உற்றுக் கேட்கும்போது ஓர் அறையில் வருமே, அந்த அமைதி.

மூத்தவளின் வலது கை மேஜைமேல் வழுக்கிக்கொண்டு போனது.

அவள் முதலில் கையை உதறினாள். பிறகு இழுத்தாள். வெறும் கை. மோதிரம் இல்லை, வளையல் இல்லை, வெறும் தோலும் சதையும்தான். அது பலகையைத் தாண்டிப் போய் நடுக்கல்லின் முகத்தில் பளாரென்று ஒட்டிக்கொண்டது. நடுவில் இருந்த பலகை கீழே விழுந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

மரப்பள்ளத்தின் கோடியில் இருந்த இன்னொரு கல் கிளம்பியது. பாயவில்லை. மெதுவாக வந்தது. கர்ர்ர்ரென்று மரத்தைச் சுரண்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல் வந்தது.

"ஏய்! என்னடி பண்ணினே? எடுக்கச் சொல்லுடி!"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மூத்தவள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள். இளையவள் மேஜையைச் சுற்றி ஓடி, வரும் கல்லை இரண்டு கையாலும் தள்ளினாள். அது மலைபோல் வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண். நாலு விரல்.

"வேணாம்!" நடுக்கல்லைப் பார்த்துக் கத்தினாள். "நான் சொன்னது வேணாம்! விட்டுடு!"

கல் நின்று, வந்த வழியே பள்ளத்தின் கோடிக்குத் திரும்பியது. மூத்தவளின் கை பிசுக்கென்று விடுபட்டது.

இருவருக்கும் மூச்சு வாங்கியது. மூத்தவள் கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். விரல் ஐந்தும் இருந்தன. இளையவளுக்கு அழுகை பொங்கியது. "அக்கா, மன்னிச்சிடுங்கக்கா. கோவத்துல சொல்லிட்டேன். கேக்கும்னு எனக்குத் தெரியாது."

மூத்தவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் சொல்லியிருக்கேன்" என்றாள். "தினமும்."

"என்ன சொன்னீங்க?"

மூத்தவள் நடுக்கல்லைத் திரும்பிப் பார்த்தாள்.

இளையவளுக்கு முதலில் பல் கூசியது. பிறகு நாக்கு. யாரோ வாய்க்குள் விரல் விட்டு இழுப்பதுபோல் தலை முன்னால் சாய்ந்தது. மேஜை விளிம்பைப் பிடித்தாள். நகம் பிய்ந்தது. கன்னம் கல்லில் அறைந்தது. சில்லென்ற கல். உதடு நசுங்கியது. வாய் மூடிக்கொண்டது.

வேணாம்னு சொல்லுங்கக்கா. சொல்ல முடியவில்லை. கண்ணால் கெஞ்சினாள்.

மூத்தவளுக்குப் புரிந்தது. புரிந்ததை இளையவள் பார்த்தாள்.

மூத்தவள் அருகில் வந்தாள். பழைய பாசத்தோடு அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள். பிறகு குனிந்து, கல்லோடு வாய் வைத்து, ஏதோ சொன்னாள்.

பின்னந்தலைக்குப் பின்னால், கர்ர்ர்ரென்று மரம் சுரண்டியது.